போல்ட்டில் பொறித்த இலக்கம்

கல்முனை தொடக்கம் பொத்துவில் வரையான நமது கரையோர ஊர்கள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் துவக்கின் நிழலில் வாழ்ந்தவை. யார் சுட்டார், யார் இறந்தார் என்று நாம் நிறையவே பேசியிருக்கிறோம். அந்தத் துவக்குகளை யார் பராமரித்தார், யார் கணக்கு வைத்தார் என்று பேசியது மிகக் குறைவு. இவ்விரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள் என்பது எனது அபிப்பிராயம்.

இலங்கைப் பொலிஸாரின் தோளில் நெடுங்காலம் தொங்கியது 'திரீ நோட் திரீ' என்று நம்மவர் அழைத்த லீ என்பீல்ட் றைபிள். 1895 இல் பிரித்தானிய இராணுவம் ஏற்றுக்கொண்ட குடும்பம் அது. உத்தரப் பிரதேசப் பொலிஸார் அதற்கு விடைகொடுத்தது 2020 இல்தான். கனடாவின் வடபுல ரேஞ்சர்கள் கடந்த தசாப்தம் வரை அதனைச் சுமந்தனர். ஒரு கருவி நூறாண்டைத் தாண்டி உழைத்ததென்றால், அதன் இரகசியம் இரும்பில் மட்டுமல்ல, அன்றாடப் பராமரிப்பிலும் இருக்கிறது.

தொண்ணூறுகளில் செய்தி தேடி அலைந்த நாட்களில், ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன் ஒருவர் அந்தப் பராமரிப்பை எனக்கு விளக்கினார். முதலில் ரவைக்கூட்டைக் கழற்றி, குழலின் அறை வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்ய வேண்டும். பின்னர் கைப்பிடியை உயர்த்திப் போல்ட்டைப் பின்னிழுத்து, அதன் தலைப்பகுதியை மேல்நோக்கித் திருப்பினால் போல்ட் முழுவதும் கையோடு வந்துவிடும். தலைப்பகுதி மரையால் பொருத்தப்பட்டது. அதனைக் கழற்றித் துடைக்கலாம். உள்ளேயிருக்கும் சுருள்வில்லையும் சுடும் ஊசியையும் எடுக்கத் தனிக்கருவி வேண்டும். அது ஆயுதத் திருத்துநரின் வேலை, சிப்பாயுடையதல்ல. தலைப்பகுதியை மீண்டும் முழுமையாக இறுக்காமல் பூட்டவே கூடாது.

எண்ணெயிலும் அளவு உண்டு. குறைந்தால் கடற்காற்று ஓரிரு நாளில் துருவைக் கொண்டுவந்துவிடும். கூடினால் நமது கரையோர மணல் அதில் ஒட்டிக்கொள்ளும். ஊசியைச் சுற்றி எண்ணெய் தடித்துப்போனால் அடி பலவீனமாகி ரவை வெடிக்காமற் போகலாம். பழைய ரவைகளின் வெடிமருந்தூட்டி குழலில் உப்பை விட்டுச்செல்லும். உப்பு ஈரத்தை இழுக்கும்; எண்ணெய் அதனைக் கரைக்காது. எனவே கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன் பின்னரே எண்ணெய் இடுவர். இதற்கான எண்ணெய்க் குப்பியும் துணி கோத்து இழுக்கும் கயிறும் துவக்கின் மரப்பிடிக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

அவர் சொன்னவற்றுள் என் மனதில் தங்கியது வேறொன்று. பல துவக்குகளை ஒன்றாகக் கழற்றித் துப்புரவு செய்யும்போது போல்ட்டுகளை மாற்றிப் பூட்டிவிடக் கூடாது. ஒவ்வொரு போல்ட்டும் தனது துவக்குக்கென்றே பொருத்தப்பட்டது; மாறினால் இடைவெளி பிசகி, ரவையின் கோது பிளந்து, சுடுபவரின் முகத்துக்கே ஆபத்தாகலாம். அதனாலேயே துவக்கின் இலக்கம் போல்ட்டின் கைப்பிடியிலும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த இலக்கம் பதிவேட்டிலும் இருக்கும். பதிவேட்டில் அதனை ஏற்றவரின் கையெழுத்து இருக்கும்.

இப்போது நமது ஊர்க் கதைக்கு வருவோம். 1990 ஜூனில் கிழக்கின் பொலிஸ் நிலையங்கள் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தன. கல்முனையும் அவற்றுள் ஒன்று. சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நம் மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோராய் மடிந்தனர். அந்த அச்சத்தில் நம் இளைஞர்கள் பலர் ஊர்காவல் படையில் சேர்ந்து துவக்கேந்தினர். பெரும்பாலும் அவை சொட்கன்கள். மேற்சொன்ன போல்ட் அவற்றில் இல்லை. ஆயினும் இலக்கமும் பதிவேடும் எந்தத் துவக்குக்கும் பொது.

"துவக்கு இல்லாதிருந்தால் எங்களை யார் காத்திருப்பார்?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. இரவு முழுதும் ஊர் எல்லையில் விழித்திருந்து, அங்கேயே உயிர்விட்டவர்களை நான் மறக்கவில்லை. ஆனால் அதே ஓகஸ்டில் சம்மாந்துறைக்கு அருகே வீரமுனையில் கோவிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டபோது, ஊர்காவல் படையினர் மீதும் குற்றஞ்சாட்டப்பட்டது என்பதையும் மறக்க முடியாது. நம் மையித்துகளுக்கு நீதி கேட்கும் நாவு, அயலூர்ப் பிணங்களுக்கு மௌனிக்குமானால் அது நீதியின் நாவன்று.

எந்தத் துவக்கு, எவர் பொறுப்பில், எந்நாளில் இருந்தது என்று பதிவேடு சொல்லுமானால், குற்றம் செய்த சிலர் தனியே நிற்பர். காவல் காத்த பலர் பழியிலிருந்து மீள்வர். பதிவேடு மூடிக்கிடந்தால் ஒரு சமூகம் முழுவதுமே சந்தேகத்தில் நனைகிறது. ஊர்காவல் படை 2006 இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களமாயிற்று. 2009 இல் யுத்தம் முடிந்தது. தற்பாதுகாப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு 2024 இன் இறுதியில் பாதுகாப்பு அமைச்சு கேட்டது. நல்லதே. அந்த மீளாய்வு தனிநபர்களோடு நின்றுவிடாமல், யுத்த காலத்தில் கிழக்கின் எல்லாச் சமூகத்தவருக்கும் அரசு வழங்கிய ஆயுதங்களின் பதிவேடுகள் வரை செல்ல வேண்டும். அவை பாதுகாக்கப்பட்டு, சுயாதீனமானோர் முன் திறக்கப்பட வேண்டும்.

துவக்கைத் துடைக்கச் சொல்லிக்கொடுத்த அரசுக்கு, அதன் கணக்கைத் துலக்கும் கடமையும் உண்டு. அதனைக் கேட்கும் முதற்குரல் நமது ஊர்களிலிருந்தே எழட்டும்.