பெட்டி வைத்து அளந்தபோது மாறிய நெல்லின் கணக்கு

கேள்வி: ஐயா, எங்கள் ஊருக்குக் கார்பன் கம்பெனி என்று சொல்லி இரண்டு பேர் வந்தார்கள். நெல் வயலில் தண்ணீர் நின்றால் மீத்தேன் வாயு வருகிறதாம், அதனால் உலகம் சூடாகிறதாம். தண்ணீரைக் காயவிட்டுக் கட்டினால் பணம் தருவார்களாம். பட்டா நகலும் ஆதார் நகலும் கேட்கிறார்கள். அனல் மின் நிலையமும் மெட்ராசும் விடாத புகையையா என் ஒரு காணி நிலம் விட்டுவிடும்? இதையெல்லாம் யார், எதை வைத்து அளக்கிறார்கள்? கையெழுத்துப் போடலாமா?

- சேத்துப்பட்டு வட்டத்திலிருந்து ஒரு விவசாயி

பதில்: கையெழுத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். எடை தெரியாமல் விலை பேசக் கூடாது என்று கமிட்டிக்கு மூட்டை கொண்டுபோகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் எடை.

அனல் மின் நிலையத்தின் கரியமில வாயுவைப் பெரும்பாலும் புகைபோக்கியில் அளப்பதில்லை. அங்கே பொருத்தியிருக்கும் கருவிகள் முக்கியமாகத் தூசி, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு ஆகியவற்றைப் பார்க்கத்தான். கரியமில வாயு கணக்கில் வருகிறது. எத்தனை டன் நிலக்கரி எரிந்தது, அதில் கார்பன் எவ்வளவு என்று தெரிந்தால் போதும். 12 பங்கு கார்பன் 32 பங்கு ஆக்சிஜனோடு சேர்ந்து 44 பங்கு கரியமில வாயு ஆகிறது. அதாவது ஒரு கிலோ கார்பன் எரிந்தால் 3.67 கிலோ வாயு. எரித்ததைவிட வெளியே வந்தது எடை கூடுதலா என்று கேட்பீர்கள். ஆம், காற்றிலிருந்த ஆக்சிஜன் அதில் ஏறிக்கொள்கிறது. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம் என்பதால் ஒரு கிலோ நிலக்கரிக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோ வாயு வரும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு என்று பார்த்தால் ஏறத்தாழ ஒரு கிலோ. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் பாதிக்குப் பாதி ஈரம், அதனால் அங்கே இன்னும் சற்றுக் கூடும்.

மேட்டூர் அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் யூனிட்கள் நான்கும் 600 மெகாவாட் யூனிட் ஒன்றும் உள்ளன. ஒரே ஒரு 210 மெகாவாட் யூனிட் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 2,10,000 யூனிட் மின்சாரம், சுமார் 200 டன் கரியமில வாயு. இந்த 200 டன்னை நினைவில் வையுங்கள், பிறகு வேண்டும்.

மத்திய மின்சார ஆணையம் இந்தக் கணக்கை நிலையம் வாரியாக வெளியிடுகிறது. நீர், காற்று, சூரிய ஒளி, அணு மின்சாரம் எல்லாம் கலந்தபின் நாட்டின் சராசரி யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம். உங்கள் கிணற்றில் 5 எச்.பி. மோட்டார் இருந்தால் மணிக்கு நாலரை யூனிட் இழுக்கும். இலவச மின்சாரம் என்றாலும் எங்கோ ஓர் இடத்தில் மணிக்கு மூன்று கிலோ வாயு போய்க்கொண்டுதான் இருக்கிறது.

நகரத்தின் கணக்கில்தான் வம்பு அதிகம். சென்னையில் எரியும் விளக்குக்கு நிலக்கரி எரிவது நெய்வேலியிலோ மேட்டூரிலோ. புகை யார் கணக்கு? எரித்த ஊருக்கு ஒரு பத்தி, கம்பி வழியாக வாங்கிப் பயன்படுத்திய ஊருக்கு ஒரு பத்தி, வெளியிலிருந்து லாரியில் வந்த சிமெண்ட், இரும்பு, அரிசிக்கு மூன்றாவது பத்தி என்று தனித்தனியாக எழுதுவதுதான் இப்போதுள்ள முறை. மூன்றாவதைப் பல நகரங்கள் அரைகுறையாகத்தான் எழுதுகின்றன. 2023-ல் சென்னை மாநகராட்சி வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டம், 2018-19 ஆம் ஆண்டுக்கு நகரத்தின் வெளியேற்றம் சுமார் 1 கோடியே 44 லட்சம் டன் என்றது. அதில் பத்தில் ஏழு பங்கு கட்டடங்களும் தொழிற்கூடங்களும் பயன்படுத்தும் மின்சாரம், எரிபொருள். மீதி வாகனமும் குப்பையும்.

நம் பக்கத்துக்கு ஒரு குறிப்பு. ஆரணி, களம்பூர் அரிசி ஆலைகளில் கொதிகலனுக்கு உமி எரிக்கிறார்கள் அல்லவா? அந்தக் கரியமில வாயுவை மொத்தத்தில் சேர்ப்பதில்லை. பயிர் காற்றிலிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறது என்பதால் அப்படி விதி. எரியும்போது வரும் சிறிதளவு மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் கணக்கில் ஏறும். அதற்காகக் கரும்புகை மூச்சுக்கு நல்லது என்று யாரும் எண்ண வேண்டாம். அது வேறு கணக்கு.

குப்பை மேட்டின் வாயுவுக்கு நிலக்கரி போல் எடைச்சீட்டு கிடையாது. எவ்வளவு குப்பை, எவ்வளவு ஈரம், எவ்வளவு ஆழம் என்று ஊகித்துத்தான் எழுத வேண்டும். அந்த ஊகத்தைச் சரிபார்க்க இப்போது செயற்கைக்கோள் வந்துவிட்டது. தரையில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியில் குறிப்பிட்ட சில அலைகளை மீத்தேன் விழுங்கிவிடும். எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் கீழே எவ்வளவு வாயு என்று தெரியும். 2017-ல் ஏவப்பட்ட ஐரோப்பியச் செயற்கைக்கோள் ஒன்றையும், இன்னும் கூர்மையாகப் பார்க்கும் சிறு கோள்களையும் வைத்து டில்லி, மும்பை, லாகூர், பியூனஸ் அயர்ஸ் ஆகிய நான்கு நகரங்களைப் பார்த்தார்கள். 2022-ல் வந்த அந்த ஆய்வில், நகர மீத்தேன் ஏட்டில் இருந்ததைவிட 1.4 முதல் 2.6 மடங்கு வரை அதிகம். சென்னைக்குப் பெருங்குடியும் கொடுங்கையூரும் உண்டு.

இனி நம் நெல். 1990 வாக்கில் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் முகமை, இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 70 லட்சம் டன்னுக்கு மேல் மீத்தேன் விடுவதாக மதிப்பிட்டது. ஐரோப்பா, அமெரிக்கா வயல்களில் அளந்ததை நம் நாட்டுப் பரப்பளவால் பெருக்கி வந்த எண் அது. மானாவாரி நெல்லும் மேட்டு நெல்லும் ஆண்டில் பாதி நாள் காய்ந்து கிடக்கும் நம் வயலும் அந்தப் பெருக்கலில் இல்லை. உலக மேடைகளில் அந்த எண்ணை வைத்துத்தான் இந்திய உழவனைக் கூண்டில் ஏற்றினார்கள். டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ராவும் உடனிருந்தவர்களும் 1991-ல் பல மாநில வயல்களில் இறங்கி நேரடியாக அளந்தார்கள். முறை எளிது. ஒளி புகும் பெட்டி ஒன்றை நாற்றுகளின் மேல் கவிழ்ப்பது, குறிப்பிட்ட இடைவெளிகளில் ஊசிக்குழாயால் உள்காற்றை எடுப்பது, ஆய்வகத்தில் மீத்தேன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பது. வந்த விடை சுமார் 40 லட்சம் டன். ஒன்பதில் ஒரு பங்கு! அளக்காமல் பழி சுமத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியாது.

மத்திய அரசு 2024 டிசம்பரில் ஐ.நா.வுக்குக் கொடுத்த அறிக்கையில் 2020-ன் மொத்தம் 295 கோடியே 90 லட்சம் டன். மின்சாரம், வாகனம் உள்ளிட்ட எரிசக்தியின் பங்கு 75.66 சதவீதம், வேளாண்மை 13.72 சதவீதம். வேளாண்மையிலும் பெரும்பங்கு மாடுகள் அசைபோடுவதால் வருவது.

உங்கள் நிலத்துக்கு வருவோம். ஐ.பி.சி.சி. என்கிற உலக அறிவியல் குழு 2019-ல் தெற்காசியாவுக்குக் கொடுத்த கணக்குப்படி, எப்போதும் தண்ணீர் கட்டிவைத்த வயல் ஒரு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன் விடும். ஒரு போகத்துக்கு ஏக்கருக்குச் சுமார் 40 கிலோ. மீத்தேன் நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு சூடேற்றும் என்று வைத்தால், ஏக்கருக்கு ஒரு டன் சொச்சம். மேட்டூரின் ஒரு யூனிட் ஒரு மணி நேரத்தில் விடுவது, கிட்டத்தட்ட 200 ஏக்கர் நெல் ஒரு போகம் முழுக்க விடுவதற்குச் சமம். தழையும் வைக்கோலும் மடக்கி உழுத வயலில் இது கூடும்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் ஏறக்குறைய பாதி குறையும், அதாவது ஏக்கருக்கு அரை டன். கார்பன் சந்தையில் ஒரு சீட்டு என்பது ஒரு டன். ஆக, ஒரு ஏக்கருக்கு ஒரு போகத்தில் அரைச் சீட்டுதான் தேறும். அதிலும் அளவுச் செலவு, இடைத்தரகு எல்லாம் கழித்துத்தான் உங்கள் கைக்கு. வந்தவர்கள் ஏக்கருக்குப் பல ஆயிரம் என்று சொன்னால் இந்தக் கணக்கை எதிரே வையுங்கள்.

இன்னொன்று. நம் பகுதியில் கிணற்றுப் பாசனக்காரர் பலர் நவரையில் ஏற்கெனவே காயவிட்டுத்தான் கட்டுகிறார்கள், ஆசையால் அல்ல, தண்ணீர் இல்லாததால். முன்பே குறைவாக விட்டவர் இப்போது குறைத்ததாகச் சீட்டு வாங்க முடியாது. அப்படி எழுதினால் அது பொய்க்கணக்கு, பின்னால் உடையும். 2024 ஆகஸ்டில் சீனாவின் 37 நெல் மீத்தேன் திட்டங்களை வெர்ரா என்ற பதிவு நிறுவனம் நிராகரித்தது. உழவர் கையெழுத்து அங்கேயும் இருந்திருக்கும்.

எனவே கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: என் வயலில் பெட்டி வைப்பீர்களா, அல்லது ஏட்டுக் கணக்கா? இதற்கு முன் நான் எப்படித் தண்ணீர் கட்டினேன் என்று எதை வைத்து எழுதுவீர்கள்? எத்தனை வருடக் கட்டுப்பாடு? சீட்டு விற்ற விலையில் என் பங்கு எத்தனை சதவீதம், எப்போது? நடுவில் நிலத்தை விற்றாலோ கரும்புக்கு மாறினாலோ என்ன? தமிழில் எழுதிய ஒப்பந்தம் கையில் வரும்வரை பட்டா நகலும் ஆதாரும் கொடுக்க வேண்டாம். ஒப்பந்தத்தை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டிவிட்டுப் போடுங்கள்.

பணம் வந்தாலும் வராவிட்டாலும் காய்ச்சலும் பாய்ச்சலும் செய்யத் தக்கதே, மோட்டார் ஓடும் நேரம் குறையும். ஒரு அடிக்குச் சற்று மேல் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு வயலில் பதியுங்கள். உள்ளே தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரம் கட்டினால் போதும். நட்ட முதல் பத்துப் பதினைந்து நாளும் பூக்கும் தருணத்திலும் காயவிடக் கூடாது. யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். காயும் வயலில் மிஞ்சிய தழைச்சத்து நைட்ரஸ் ஆக்சைடாகப் போய்விடும், அது மீத்தேனைவிடப் பல மடங்கு சூடேற்றும், காசும் உங்களுடையது.