பால்கிண்ணம் வீடாகாது

"மனிசரையே பிடிச்சுத் திருப்பி அனுப்புறாங்கள். நீங்கள் பூனைக்கு வீடு தேடித் திரியிறியள், அண்ணை."

சென்ற கார்த்திகையில், ரூர் பகுதியில் நான் வழமையாகச் சாமான் வாங்கும் தமிழ்க்கடையின் பின்கதவடியில் வைத்துக் கடைக்காரத் தம்பி இதைச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. அவர் காலடியில் ஒரு கிண்ணம் பால் இருந்தது. பக்கத்தில் ஒரு காகிதத்தில் மீன்தலைகள். மூன்று கிழமையாக அவர்தான் அந்தக் குட்டிக்குச் சாப்பாடு வைத்து வந்தார். சாம்பல் நிறத்தில் வரிவரியாக, நாலு மாதம் மதிக்கக்கூடிய குட்டி. வெற்றுப் பெட்டிகளுக்கு நடுவே இருந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் சொன்ன வசனத்தை நான் இந்த நாட்டில் நாற்பது வருடமாகக் கேட்கிறேன். கோயில் வீதியில் கேட்டிருக்கிறேன், கலியாண மண்டபத்தில் கேட்டிருக்கிறேன். நானும் சொல்லியிருக்கிறேன். இனி அதைச் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கிண்ணத்தைப் பற்றிப் பேசுவோம். தாய்ப்பால் மறந்த பூனைக்குட்டிகள் பலவற்றுக்கு மாட்டுப்பால் செரிக்காது. வயிற்றால் போகும். சின்ன உடம்பு, குளிர் காலம். இரண்டு நாள் வயிற்றால் போனாலே குட்டி ஒடுங்கிவிடும். அடுத்தது, பெட்டைக்குட்டி ஐந்து, ஆறு மாதத்திலேயே சினைப்படலாம். ஒன்பது கிழமையில் ஈனும். வருடத்துக்கு இரண்டு தடவை ஈனக்கூடியது. அந்தப் பின்முற்றத்தில் பிறக்கும் குட்டிகள் முதல் இரண்டு மாதத்துக்குள் மனிதக் கையை அறியாவிட்டால், பிறகு வீட்டுப் பூனையாக்குவது மிகவும் கடினம். ஆகவே கார்த்திகையில் நாம் வைக்கும் பால் சித்திரையில் நாலைந்து காட்டுப் பூனைகளாக வளர்ந்து நிற்கும். ஜேர்மனியில் இப்படித் தெருவில் வாழும் பூனைகள் சுமார் இருபது இலட்சம் என்று ஜேர்மன் விலங்குப் பாதுகாப்புச் சங்கம் மதிப்பிடுகிறது. அவை வானத்தில் இருந்து விழுந்தவை அல்ல. யாரோ கருத்தடை செய்யாமல் வெளியே விட்ட வீட்டுப் பூனைகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவை.

2008இல் பாடர்போர்ன் நகரம் இதற்கு ஒரு விதி கொண்டுவந்தது. பூனையை வெளியே திரிய விடுபவர் அதற்குக் கருத்தடை செய்ய வேண்டும், அடையாளமிட்டுப் பதிவுசெய்யவும் வேண்டும். அந்த விதியில் ஒரு வரி உண்டு. தெருப் பூனைக்கு ஒழுங்காகச் சாப்பாடு வைப்பவரும் அதன் உரிமையாளராகவே கருதப்படுவார் என்கிறது அது. சாப்பாடு வைத்தால் நீதான் பொறுப்பு. நான் இந்த நாட்டில் படித்த சட்ட வரிகளில் இதைப்போல நேர்மையான வரி வேறு இல்லை. பிறகு 2013இல் மத்திய விலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் இப்படியான விதிகளுக்கு இடம் கொடுத்தார்கள். இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகரங்களிலும் கிராமங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இது நடைமுறையில் இருக்கிறது.

பாடர்போர்ன் என்றதும் கடைக்காரத் தம்பி பொருமியது எனக்கு விளங்கியது. ப்யூரன் தடுப்பு நிலையம் அதே பாடர்போர்ன் மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. 2021 மார்ச்சில், எங்கள் ஆட்களை நாடு கடத்துவதற்காகப் பிடித்து அடைத்த இடங்களில் அதுவும் ஒன்று. மார்ச் 30ஆம் திகதி டுசுல்டோர்ஃப் விமான நிலையத்தில் இருந்து அவர்களை ஏற்றி அனுப்பினார்கள். பூனைக்கு அடையாளமும் பதிவும் கொடுக்கும் மாவட்டம், மனிதனுக்குக் கம்பி வேலி கொடுக்கிறது. தம்பியின் கோபத்தில் இவ்வளவு உண்மை இருக்கிறது. நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒரு கேள்வி கேட்டேன். "ப்யூரன் வாசலிலை நிண்டு பெடியள் கத்தினவை. நீர் போனனீரோ?"

போகவில்லை. கடை. நானும் போகவில்லை. வேலை. போனவர்கள் எங்கள் இளம் பிள்ளைகளும் சில ஜேர்மன் நண்பர்களும். "மனிதருக்கே இல்லாத இரக்கம் பூனைக்கு எதற்கு" என்று கேட்கும் எங்களில் பெரும்பாலானோர் அன்றைக்கு மனிதருக்காகவும் வீட்டை விட்டு இறங்கவில்லை. அந்த வசனத்தை வைத்து நாங்கள் பூனையையும் தட்டிக் கழிக்கிறோம், மனிதரையும் தட்டிக் கழிக்கிறோம். பூனைக்குச் செலவழித்த இரக்கத்தை மிச்சம் பிடித்தால் அகதிக்குக் கொடுக்கலாம் என்பதற்கு இரக்கம் என்ன சீட்டுக் காசா?

இந்த நாட்டில் விலங்குக்குக் கிடைத்த உரிமையும் சும்மா வந்ததில்லை. விலங்கு ஒரு பொருள் அல்ல என்று சிவில் சட்டத்தில் எழுத 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விலங்குப் பாதுகாப்பு அரசியலமைப்பில் ஏறியது 2002இல். வருடக்கணக்காக நகரசபைக்குக் கடிதம் எழுதியவர்கள், கூட்டத்தில் எழும்பி நின்று கேட்டவர்கள், இரவில் பொறிக்கூட்டோடு வயல்வெளியில் காத்திருந்தவர்கள் பெற்றுக்கொடுத்தது அது. எரிச்சல்படுவதை விட்டு, அவர்களிடம் எப்படிக் கேட்பது என்று நாங்கள் படித்திருக்கலாம்.

இனி என் கணக்கு. 1986இல் நான் ஒரு சிறிய ஊரின் அகதி விடுதியில் இருந்தேன். டொச்சில் அகதி விடுதிக்கும் ஹைம்தான், விலங்குக் காப்பகத்துக்கும் ஹைம்தான். வேலை செய்யத் தடை. மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதிக் கடிதம். கிழமைக்கு இரண்டு தரம் உணவுப் பெட்டி. அந்தப் பெட்டியில் வந்த தகரமீனை நானும் அறைத் தோழர்களும் ஒரு கறுப்புப் பூனைக்கு வைத்தோம். அது எங்கள் கட்டிலில் படுத்தது. அடுத்த வருடம் எங்களுக்கு இடமாற்றம் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். அது சினையாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, யாரையும் கேட்கவில்லை. எங்களுக்கு அரசு செய்ததையேதான் நாங்கள் அதற்குச் செய்தோம். சாப்பாடு வைத்தோம், பொறுப்பு எடுக்கவில்லை. மொழி தெரியாது, காசு இல்லை என்று அன்றைக்குச் சொல்ல எனக்குக் காரணம் இருந்தது. இன்றைக்கு இரண்டு மொழியும், காரும், கையில் தொலைபேசியும் வைத்திருக்கும் எங்களுக்கு என்ன காரணம்?

ஊரில் பெட்டைக் குட்டிகளை உரப்பையில் கட்டி, சைக்கிளில் கொண்டுபோய்ச் சந்தையடியில் விட்டுவிட்டு வருவார்கள். மீன் கிடைக்கும், பிழைக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்வது. இங்கே அந்தப் பழக்கம் வேறு உருவத்தில் இருக்கிறது. பிள்ளையின் பிறந்தநாளுக்குக் குட்டி வாங்குவது. கோடை விடுமுறைக்குக் கனடா போகும்போது "ஆராவது பார்ப்பினம்" என்று வெளியே விடுவது. வீட்டு விலங்கைக் கைவிடுவதை ஜேர்மன் சட்டம் தடை செய்கிறது. 25,000 யூரோ வரை தண்டம் விதிக்கலாம்.

சாட்டுகளும் எங்களிடம் தயாராக இருக்கின்றன. "வீட்டுக்காரன் விடமாட்டான்." வாடகை ஒப்பந்தத்தில் நாய், பூனை கூடாது என்று பொத்தாம் பொதுவாகத் தடை போடுவது செல்லாது என்று 2013 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே தீர்த்துவிட்டது. ஒவ்வொரு வீட்டின் நிலைமையையும் பார்த்துத்தான் முடிவு செய்யலாம், ஆகவே கேளுங்கள். "தெருவில கிடந்த பூனைக்குக் காப்பகம் காசு கேக்குது." அந்தக் காசு தடுப்பூசிக்கும், சிப்புக்கும், கருத்தடைக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதி. வீடு பார்க்க வருவதும், ஒப்பந்தத்தில் ஒப்பம் கேட்பதும் எங்களை அவமதிக்க அல்ல. அந்தக் குட்டி மறுபடி தெருவுக்கு வரக்கூடாது என்பதற்காக.

கடைக்குப் பின்னால் நின்ற குட்டிக்கு வருகிறேன். கடைசியில் வழி திறந்தது தம்பியின் பதினேழு வயது மகள்தான். நாங்கள் இருவரும் வாதாடிக்கொண்டிருக்க, அவள் உள்ளே போய்க் காப்பகத்துக்குத் தொலைபேசி எடுத்துவிட்டு வந்தாள். "பெரியப்பா, பொறிக்கூடு இரவல் தருவினமாம். அப்பா, பாலை எடுங்கோ. பசி இருந்தாத்தான் உள்ளுக்க போகும்." அவள் சொன்னபடியே செய்தோம். இரண்டாம் இரவு ரின்மீனுக்குக் குட்டி அகப்பட்டது. காப்பகத்தில் மைக்ரோசிப் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. கண்டெடுத்த விலங்காகப் பதிந்தார்கள். ஆறு மாதத்துக்குள் பழைய சொந்தக்காரர் வந்தால் கேட்டு வாங்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேசாமல் வைத்துக்கொண்டிருந்தால் அது இன்னொருவரின் பூனையை அமுக்கியதாகவும் ஆகியிருக்கும்.

பூனையைத் தாங்கள் எடுப்பதாக மகள் படிவம் நிரப்பினாள். வயது வந்தவரின் ஒப்பம் வேண்டும் என்றார்கள். தம்பி பேனையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்தார். "என்ரை அசூல் படிவத்திலை கூட இவ்வளவு கேக்கேல்லை" என்றார். பிறகு ஒப்பம் வைத்தார்.

இதை வாசிப்பவர்கள் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு கிண்ணம் இருக்கலாம். நாளைக் காலை நகரசபைக்கோ அருகில் உள்ள காப்பகத்துக்கோ ஒரு தொலைபேசி எடுங்கள். பிள்ளைகளுக்கு டொச் நன்றாக வரும். அவர்களைப் பேச விடுங்கள். உங்கள் நகரில் பாடர்போர்ன் விதி இல்லையென்றால் ஏன் இல்லை என்று உங்கள் நகரசபை உறுப்பினரைக் கேளுங்கள். அவருடைய கதவைத் தட்டப் பழகிய கை, அடுத்த முறை ப்யூரனில் எங்கள் பிள்ளை ஒருவர் அடைபடும்போதும் தட்டும்.