பெட்டி தயார், மொழி?



நேற்று என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். அடுத்த மாதம் ஊழியத்துக்காகக் கம்போடியா போகிறான். விசா, தடுப்பூசி, இட்லிப்பொடி எல்லாம் தயார். வழியனுப்பு கூட்டத்துக்கு நோட்டீஸும் அடித்தாயிற்று.

"கெமர் மொழி படிச்சியாப்பா?" என்றேன்.

"இங்கிலீஷ் போதும் டீச்சர், மீதியை அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்றான்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. (அவனிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, ஜெர்மனியில் இறையியல் படித்தவர். ஆனாலும் திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் தமிழ் எழுதிப் பழகினார். 1715இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. மணலில் விரல் வைக்காமல் அது நடந்திருக்குமா?

காலமெல்லாம் ஒன்றாம் வகுப்புக்கு ஆனா, ஆவன்னா சொல்லிக் கொடுத்தவள் நான். தன் பாஷையைத் தப்பும் தவறுமாகவாவது பேச முயல்கிறவரிடம்தான் பிள்ளை ஒட்டும். பெரியவர்களும் அப்படித்தான். கெமர் எழுத்துகூட நம் பல்லவர் கால எழுத்தின் வழிவந்ததுதான், பயப்பட வேண்டாம்.

ஆறு மாதம் பயணத்தைத் தள்ளிப்போட்டுப் படி என்றேன். யோசிக்கிறானாம். தள்ளிப்போட்டால் முதலில் சந்தோஷப்படுவது அவன் அம்மாதான். அங்கே இருந்து அந்த மொழி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.