சிரிப்புக்குப் பின்னால்

நாகேஷ் என்றதும் சிரிப்புத்தான் முந்திக்கொண்டு வரும். ‘திருவிளையாடல்’ (1965) தருமி, ஆயிரம் பொற்காசுக்காகக் கோயிலில் தனியே புலம்பியபோது கொட்டகையே குலுங்கியது. அவன் புலம்பியதோ தன் வறுமையை! ‘சர்வர் சுந்தரம்’ (1964) ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டே காதலைப் பறிகொடுத்தான்.

‘எதிர் நீச்சல்’ (1968) மாது, மாடிப்படிக்கு அடியில் ஒண்டியிருந்த அநாதை. குடித்தனக்காரர்கள் அத்தனை பேருக்கும் எடுபிடி வேலை செய்து, அவர்கள் போட்ட சோற்றில் கல்லூரிப் படிப்பும் படித்தான்.

நாகேஷ் 2009-இல் மறைந்தார், மாது மறையவில்லை. சென்னை ஒண்டுக்குடித்தனத்தில் மட்டுமா? வடகரையிலும் தென்காசியிலும்கூட, கடைக்கு ஓடிவிட்டு வந்து வாசலில் நிற்கிறான். சகோதரிகளே, சில்லறையை எண்ணி வாங்குமுன், “சாப்பிட்டாயா, தம்பி?” என்று ஒரு வார்த்தை கேளுங்களேன்!