கைவினைஞன் தந்த கால்

உடல் ஓர் இயந்திரம் என்றால் ஆத்திரப்படுவோர் இன்றும் உண்டு. "ஆண்டவன் படைப்பை இயந்திரம் என்பதா?" என்பர். கால் இழந்தவனைக் கண்டு "கர்மவினை" என்று கை விரித்தவர்களும் அவர்கள்தாம்! விஞ்ஞானம் வினையைத் தேடவில்லை, விசையைத் தேடிற்று. குதிகால் ஊன்றும்போது தரை எவ்வளவு வலுவோடு திருப்பித் தள்ளுகிறது, கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது, உடலின் எடை எந்த மூட்டில் இறங்குகிறது என்று அளந்து பார்த்தது. உயிர் இயக்கவியல் என்று அத்துறைக்குப் பெயர். பெயர் பெரிது, பயன் அதனினும் பெரிது.

ஆனால் தோழர்களே, அளந்தது யாருடைய காலை?

1950களில் அமெரிக்காவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், செயற்கைப் பாதம் ஒன்று செய்தார்கள். நல்ல பாதம்தான். கணுக்கால் அசையாது, குதிகாலில் உள்ள மெத்தென்ற ரப்பர் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பூட்ஸ் மாட்டிச் சமதரையில் நடந்து, நாற்காலியில் அமர்வோனுக்கு அதுவே போதும். நம் உழவனுக்கோ? சேற்றில் இறங்க வேண்டும், வரப்பிலே நடக்க வேண்டும், குந்தி அமர்ந்து உண்ண வேண்டும். கணுக்கால் மடங்காமல் குந்தினால் என்ன ஆகும்? மல்லாந்து விழுவான்!

ஜெய்ப்பூரில், சவாய் மான்சிங் மருத்துவமனையில் அதுதான் நடந்தது. கொடுத்த காலைக் கழற்றி எறிந்துவிட்டு நோயாளிகள் கவைக்கோலையே நாடினர். அங்கே எலும்பு மருத்துவர் டாக்டர் பி.கே. சேத்தி, எடின்பரோ பட்டம் பெற்றவர். அதே மருத்துவமனையில் தொழுநோயாளருக்குக் கைத்தொழில் கற்பித்தவர் ராம்சந்திர சர்மா. பள்ளிப்படிப்பு மிகக் கொஞ்சம், கைத்திறனோ மிக அதிகம். டாக்டர் மூட்டின் இலக்கணம் சொன்னார். தொழிலாளி அதற்கு உருவம் தேடினார். உருவம் எங்கே கிடைத்தது? ஆராய்ச்சிக் கூடத்திலா? லாரி டயருக்கு ரீட்ரெடிங் போடும் கடையில்! உள்ளே மென்மையான ரப்பர், கணுக்காலருகே மரக்கட்டை, மேலே சூடேற்றி இறுக்கிய ரப்பர்த் தோல். 1968 அளவில் பாதம் பிறந்தது. மேல் நோக்கி மடங்கும், பக்கவாட்டில் சாயும், தண்ணீரில் நனையும், வெறுங்காலாய் நடக்கும். காப்புரிமை கோரவில்லை; யாரும் செய்துகொள்ளலாம் என்று விட்டார்கள். ஆப்கானிஸ்தானத்தில் கண்ணிவெடிக்குக் காலைப் பறிகொடுத்தோரையும் அது நடக்க வைத்தது. 1981இல் தமிழ்நாட்டில் நடந்த விபத்தொன்றில் காலை இழந்த நடனமணி சுதா சந்திரன், அந்தக் காலோடுதான் மீண்டும் மேடையேறிப் பரதம் ஆடினார்.

அதே 1981இல் மகசேசே விருது வந்தது. யாருக்கு? டாக்டர் சேத்திக்கு. தகுதியானவர்தான், அவர் புகழைக் குறைப்பது நம் நோக்கமன்று. ஆயினும் ரப்பரில் விரல் வெந்தவன் பெயர் அந்த விருதில் இல்லை. பட்டம் இருக்குமிடத்தை மாலை தானாகத் தேடிப் போகிறது. பட்டறைக்கு வழி தெரிவதில்லை!

சென்னை ஐ.ஐ.டி.யில் இப்போது இத்துறை வளர்கிறது. நிற்க உதவும் சக்கர நாற்காலியை 2019இல் தந்தனர். தொடைக்கு மேல் கால் இழந்தோருக்குக் 'கதம்' என்னும் முழங்காலை 2022இல் தந்தனர். வரவேற்கிறோம். ஆனால் போன காலுக்குப் பதில் கால் செய்கிற விஞ்ஞானம், போகாத முதுகைக் காக்கவும் கணக்குச் சொல்கிறதே, அதை யார் கேட்கிறார்கள்?

கணக்கு எளிது. முதுகுத் தசை, தண்டின் மையத்துக்குப் பின்னால் சுமார் 5 சென்டிமீட்டரில் இழுக்கிறது. குனிந்து தூக்கும் மூட்டையோ 40 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. நெம்புகோல் விதிப்படி, 50 கிலோ சிமென்ட் மூட்டைக்குத் தசை இழுக்கும் இழுப்பு எட்டு மடங்கு, 400 கிலோ! சாய்ந்த உடலின் எடை வேறு. அத்தனையும் நசுக்குவது இடுப்பருகே உள்ள சின்னஞ்சிறு வட்டுகளை. சும்மாடு கட்டி, இருவர் கை கொடுத்து ஏற்றிவிட, தலைக்கு நேரே சுமக்கிறானே நம் தோழன், அவன் இந்த விதியைப் படித்தவன் அல்லன், உடலால் அறிந்தவன். ஆனால் ஒற்றையாளாய்க் குனிந்து எடுக்கச் சொன்னால் அவன் அறிவு என்ன செய்யும்?

ஆள் ஒருவன் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாதென்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967இலேயே பரிந்துரைத்தது. அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையமோ, 1991இல், எல்லா வசதியும் அமைந்த நிலையிலும் தூக்கும் எடைக்கு 23 கிலோவையே அளவாக வைத்துக் கணக்கிட்டது. தூரம் கூடினால், திரும்பித் தூக்கினால், அதுவும் குறையும்.

சங்கத் தோழர்கள் அடுத்த முறை கூலி பேச உட்காரும்போது, மூட்டைக்கு எவ்வளவு ரூபாய் என்பதோடு, மூட்டைக்கு எத்தனை கிலோ என்பதையும் கேளுங்கள். "இந்த 23 யார் சொன்னது?" என்பார் முதலாளி. ஆண்டையும் நிலையத்தையும் சொல்லுங்கள். இறக்குமதி இயந்திரத்துக்கு அமெரிக்கக் கணக்கை நம்புகிறவர், இதற்கு மட்டும் என்ன பதில் சொல்கிறார் என்று பார்ப்போம்.