உதவி இருந்தும் டாக்டர்கள் ஏன் கேட்கவில்லை? கொரோனா கால நியூயார்க் சொல்லும் பாடம்

'உங்கள் மனநலம் எங்களுக்கு முக்கியம்' என்று ஆபீஸிலிருந்து வரும் இமெயிலைத் திறக்காமலே டெலீட் செய்பவர்கள் நிறைய பேர். அந்த மாதிரி இமெயில்களால் உண்மையிலேயே பயன் உண்டா? 2020-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவ வளாகத்தில் நடந்தவை இதற்குப் பதில் சொல்கின்றன.

என்ன நிலைமை?

2020 மார்ச் 1-ல் நியூயார்க்கில் முதல் கொரோனா தொற்று உறுதியானது. சில வாரங்களிலேயே அமெரிக்காவில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட நகரம் அதுதான். மன்ஹாட்டனின் வடபகுதியில் உள்ள கொலம்பியா வளாகத்தில் அவசரமில்லாத ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. ஊழியர்களுக்கு இரண்டே கவலை: நாளைக்கு மாஸ்க் இருக்குமா? வீட்டுக்குப் போனால் குடும்பத்துக்குத் தொற்றிவிடுமா?

தினமும் ஒரு இமெயில்

அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர் கிரெய்க் ஸ்மித், தன் துறையினருக்குத் தினமும் இமெயில் எழுத ஆரம்பித்தார். 2004-ல் பில் கிளின்டனுக்கு பைபாஸ் செய்தவர் இவர். எழுதியதில் பூசிமெழுகல் இல்லை. மருத்துவமனைக் குழுமம் வழக்கமாக ஒரு நாளைக்கு 4,000 சாதாரண மாஸ்க் பயன்படுத்தும், இப்போது 40,000, இது 70,000 வரை போகலாம் என்று அப்படியே சொன்னார். கெட்ட செய்திதான். ஆனால் மேலிடம் எதையும் மறைக்கவில்லை என்று தெரிந்தால் வதந்திக்கு வேலை குறையும். அந்த இமெயில்கள் வளாகத்தைத் தாண்டியும் பரவலாகப் படிக்கப்பட்டன.

பேச ஓர் இடம்

அதே மார்ச்சில் மனநலத் துறை 'கோப் கொலம்பியா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. சின்னச் சின்னக் குழுக்களாக ஆன்லைனில் பேசலாம், தனியாகவும் பேசலாம். பேச்சை நடத்தியவர்கள் அதே வளாகத்தின் மனநல நிபுணர்கள். இது சிகிச்சை இல்லை, சக ஊழியர் ஆதரவு என்றே முன்வைக்கப்பட்டது. 'எனக்கு ஏதோ பிரச்னைன்னு நினைச்சுடுவாங்களோ' என்று தயங்குபவர்களுக்கு அந்த வித்தியாசம் முக்கியம்.

அப்படியும் எங்கே இடறியது?

அதே குழுமத்தின் ஆலன் மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவின் மருத்துவ இயக்குநராக இருந்தவர் டாக்டர் லோர்னா பிரீன். கொரோனா வந்து, குணமாகி, மீண்டும் டியூட்டிக்குத் திரும்பினார். 2020 ஏப்ரல் 26-ல், 49 வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். மனநல சிகிச்சை எடுத்தது தெரிந்தால் டாக்டர் லைசென்ஸ் போய்விடும் என்று அவர் பயந்ததாகக் குடும்பத்தினர் பிறகு சொன்னார்கள்.

இந்தப் பயம் வெறும் கற்பனையில் வந்ததில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் லைசென்ஸ் விண்ணப்பத்திலேயே 'இதற்கு முன் மனநல சிகிச்சை எடுத்ததுண்டா?' என்ற மாதிரி கேள்விகள் இருந்தன. ஒரு பக்கம் 'வந்து பேசுங்கள்' என்று அழைப்பு. இன்னொரு பக்கம் பேசியதற்குக் கணக்குக் கேட்கும் படிவம். இரண்டும் சேர்ந்து இருந்தால் ஜெயிப்பது படிவம்தான்.

சட்டம் என்ன செய்தது?

பிரீன் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. 2022 மார்ச் 18-ல் அதிபர் பைடன் கையெழுத்திட்டார். மருத்துவ ஊழியர்களின் மனநலத் திட்டங்களுக்கும் பயிற்சிக்கும் நிதி, உதவி கேட்பதில் உள்ள தயக்கத்தைப் போக்கப் பிரசாரம் ஆகியவை அதில் உண்டு. ஆனால் லைசென்ஸ் கேள்விகளை அந்தச் சட்டம் நேரடியாக நீக்கவில்லை. அதை மாநில மருத்துவ வாரியங்கள்தான் மாற்ற வேண்டும். பிரீன் குடும்பம் தொடங்கிய அறக்கட்டளை அதற்காகப் போராடுகிறது; பல மாநிலங்கள் மாற்றியும் விட்டன.

நம் ஆபீஸுக்கு இதில் என்ன?

அடுத்த முறை அந்த 'மனநல' இமெயில் வரும்போது ஹெச்.ஆரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். கவுன்சலிங் போனது மேனேஜருக்குத் தெரியுமா? அப்ரைசலில், புரமோஷனில் அது வருமா? நிறுவனத்தின் எந்தப் படிவமாவது இதைப் பற்றிக் கேட்கிறதா? மூன்றுக்கும் எழுத்தில் 'இல்லை' என்று பதில் வந்தால், அந்த உதவியை நம்பிப் பயன்படுத்தலாம்.

(மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ இருந்தால், இந்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.)