தூங்காதவருக்குக் கைதட்டிய நாங்கள்



மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு ஒரு பழைய மாணவரை அழைத்திருந்தோம். ஊரிலேயே சின்னதாக ஒரு மென்பொருள் கம்பனி தொடங்கியவர். "ராவைக்கு மூணு மணித்தியாலம்தான் தூங்குறன் சேர்" என்று மேடையில் சொன்னார். முதலில் கைதட்டியது ஆசிரியர்களாகிய நாங்கள்தான். "பாருங்க புள்ளைகள், இப்படித்தான் முன்னேறணும்" என்றும் சொன்னோம்.

போன மாதம் அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். வயது முப்பது ஆகவில்லை. போன் அடித்தாலே கை நடுங்குகிறது. "நான் ரெண்டு நாள் படுத்தா எட்டுப் பேருக்குச் சம்பளம் இல்ல சேர்" என்றார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

இது அவருக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. ஹஃபிங்டன் போஸ்ட் தளத்தைத் தொடங்கிய அரியானா ஹஃபிங்டன், 2007இல் களைப்பால் மயங்கி விழுந்து கன்னத்து எலும்பை உடைத்துக்கொண்டார். 2019இல் உலக சுகாதார நிறுவனமும், சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தால் வரும் இந்தச் சோர்வைத் தனது நோய் வகைப்பாட்டில் விளக்கமாகச் சேர்த்தது.

"உழைக்காமல் முன்னேறலாமா?" என்று கேட்பீர்கள். முடியாதுதான். ஆனால் அறுவடை நேரம் வயலில் இரவு தங்குவது வேறு, வருடம் முழுக்க வயலிலேயே கிடப்பது வேறு.

அமெரிக்காவில் ஸ்டார்ட்அப்களுக்குப் பணம் போடுகிறவர்கள் பல கம்பனிகளில் போடுவார்கள். ஒன்றிரண்டு பெரிதாக வென்றால் மற்றவற்றின் நட்டம் ஈடாகிவிடும். அதனால் எல்லோரையும் வேகமாக ஓடச் சொல்வது அவர்களுக்குக் கட்டுப்படியாகும். எங்கள் பிள்ளைக்கு இருப்பது ஒரு கம்பனி, ஒரு உடம்பு. முதலோ வாப்பாவின் காணி, உம்மாவின் நகை. அந்த ஓட்டத்தை இவர் ஏன் ஓட வேண்டும்?

அங்கேயே வேறு மாதிரியும் இருக்கிறது. சிக்காகோவில் 1999இல் தொடங்கிய 37சிக்னல்ஸ் கம்பனி, வாடிக்கையாளர் தரும் பணத்திலேயே மெதுவாக வளர்ந்தது. கோடையில் வாரத்துக்கு நான்கு நாள்தான் வேலை. இருபது வருடம் கடந்தும் நிற்கிறது.

எங்கள் இளைஞர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: விற்று வந்த காசில் வளருங்கள். மூன்று மாதச் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த ஆளை எடுங்கள். கையில் இல்லாத காசுக்குத் திகதி போட்டு செக் கொடுக்காதீர்கள். உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கும் வேலையை இன்னொருவருக்கும் பழக்குங்கள்.

ஜுமுஆவுக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு வரச் சொன்ன அல்லாஹ், தொழுகை முடிந்ததும் கலைந்து சென்று அவனது அருளைத் தேடவும் சொல்கிறான். கடையை மூடவும் திறக்கவும் கற்றுத் தந்த மார்க்கம் இது. உடம்புக்கும் குடும்பத்துக்கும் நம்மீது ஹக் இருக்கிறது என்று ஸல்மான் (ரலி), அபூதர்தா (ரலி) அவர்களுக்குச் சொன்னதை நபி (ஸல்) அவர்கள் சரி கண்டார்கள். இதை வகுப்பில் படிப்பித்துவிட்டு, மேடையில் மறந்துபோனோம்.

இந்த வருடப் பரிசளிப்பு விழாவுக்கும் ஒரு தொழில் முயற்சியாளர் வருவார். அவர் எத்தனை மணித்தியாலம் தூங்குகிறார் என்று கேட்க மாட்டோம். "ஒரு கிழமை நீங்க லீவு எடுத்தா உங்க கடை திறக்குமா?" என்று கேட்போம். ஆம் என்றால் அப்போது கைதட்டுவோம்.

எங்கள் மாணவருக்காக துஆ செய்யுங்கள்.